தாமான் வீட்டை வாடகைக்கு விடுவோர்க்குச் சில விளக்கங்கள்



சென்ற பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்து சென்ற பிறகும், ஒரு தந்தை மட்டும் வகுப்பறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்தில் உழைத்தவர். பிள்ளையின் படிப்பைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று எண்ணினோம். அவரோ சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்திலிருந்து கிழித்த பாதித் தாள் அது. "மாதம் 600 வெள்ளி. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி கொடுக்க வேண்டும்" என்று இரண்டு வரிகள். கீழே இரண்டு கையெழுத்துகள்.

பக்கத்துத் தாமானில் அவர் வாங்கிய வீட்டுக்கு அதுதான் வாடகை ஒப்பந்தம். குடியிருப்பவர் ஏழு மாதமாக வாடகை கொடுக்கவில்லை. வங்கியோ மாதத் தவணையில் ஒரு நாளும் பொறுப்பதில்லை. "சார், நாளைக்கு நானே போயி பூட்ட மாத்திடலாம்னு இருக்கேன். வீடு என் பேர்லதானே இருக்கு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. வேறு வேறு தோட்டங்களிலிருந்தும் இதே போன்ற கேள்விகள் நம்மிடம் வந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே இன்றைய பேச்சில், வீட்டை வாடகைக்கு விடுவோர்க்கு நேரும் சிக்கல்களைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறோம்.

நம் மக்களுக்கு இதில் குழப்பம் ஏற்படுவதற்குக் காரணம் உண்டு. தலைமுறை தலைமுறையாக நாம் வாழ்ந்த லயத்து வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் என்று ஒன்று இருந்ததில்லை. வேலை இருந்தால் வீடு இருக்கும். வேலை போனாலோ, வயதாகி ஓய்வு பெற்றாலோ வீட்டையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். தோட்டம் கைமாறி வீட்டுமனைகளாக மாறியபோது, நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வெளியேறிய குடும்பங்கள் எத்தனையோ. அந்த அச்சத்தினால்தான் இன்று பலர், உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஊழியர் சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்துத் தாமானில் ஒரு வீடு வாங்கிப் போடுகிறார்கள். ஓய்வு பெறும்வரை லயத்திலேயே இருந்துகொண்டு, அந்த வீட்டை வாடகைக்கு விட்டு, வரும் பணத்தில் தவணையைக் கட்டிவிடலாம் என்பது அவர்கள் போடும் கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் வாடகைக்குக் குடியிருந்தும் பழக்கமில்லாதவர்கள், ஒரே நாளில் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார்கள். வீட்டுக்காரரின் உரிமை எதுவரை, கடமை எது என்று சொல்லித்தர ஆள் இல்லை.

முதலில் அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம். பூட்டை மாற்றலாமா? கூடவே கூடாது. 1950-ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் இருக்கும் 'ஸ்பெசிபிக் ரிலீப்' சட்டத்தின் 7-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாடகைக் காலம் முடிந்த பின்பும் ஒருவர் வீட்டைவிட்டுப் போகாமல் இருந்தால், நீதிமன்றத்தின் வழியாகத்தான் வீட்டைத் திரும்பப் பெற வேண்டும்; வேறு வழியில் பெறக்கூடாது. வீடு உங்கள் பெயரில் இருக்கலாம். ஆனால் சாவியை அவர் கையில் கொடுத்த அன்றே, அங்கே குடியிருக்கும் உரிமையை அவரிடம் ஒப்படைத்துவிட்டீர்கள். அதை அவராகத் திருப்பித் தரவேண்டும், அல்லது நீதிமன்றம் வாங்கித் தரவேண்டும்.

பூட்டை உடைத்து உள்ளே போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அவர் போலீஸ் நிலையத்துக்குப் போவார். பெட்டியில் நகை இருந்தது, காணவில்லை என்று புகார் எழுதினால், பதில் சொல்ல வேண்டியவர் பூட்டை உடைத்தவர்தான். வாடகை கொடுக்காதவர் வழக்குப் போட, வாடகை கிடைக்காதவர் நட்டஈடு கட்டும் நிலை வந்துவிடும். தண்ணீரை நிறுத்துவது, மின்சாரத்தை வெட்டுவது, ஆள் கூட்டிப்போய் மிரட்டுவது எல்லாம் இதே வகைதான். குடியிருப்பவர் தொல்லையின்றி அமைதியாக வாழும் உரிமையைக் குலைத்த குற்றம் நம்மேல் விழும்.

இதைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது என்னா சார் சட்டம்? ஏமாத்துறவனுக்குத்தானே சாதகமா இருக்கு" என்றார். நாம் ஒன்று கேட்டோம். நாளைக் காலையில் ஆபீசிலிருந்து ஆள் வந்து, நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் உங்கள் லயத்து வீட்டுக்குப் பூட்டுப் போட்டால் எப்படி இருக்கும் என்று. அவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் சரிதான்" என்றார்.

சரி, வேறு வழியே இல்லையா? இருக்கிறது. ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும், வரிசை தவறக்கூடாது.

வாடகைப் பாக்கி எவ்வளவு, எந்தெந்த மாதத்துக்கு என்று கணக்கு எழுதி, இத்தனை நாளுக்குள் கட்டவேண்டும் என்று எழுத்துமூலம் கேட்பது முதல் வேலை. வாயால் நூறு முறை கேட்டதற்குச் சாட்சி இல்லை. கைத்தொலைபேசியில் அனுப்பிய செய்திகளையும் அழித்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் கட்டவில்லையென்றால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பலாம். பாக்கிக்காகக் குடியிருப்பவரின் பொருள்களை நீதிமன்றத்தின் ஆணையோடு ஜப்தி செய்ய வழிசெய்யும் சட்டம் ஒன்று 1951-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன்படி 12 மாதம் வரையிலான பாக்கிக்கு ஜப்தி கேட்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடகை உறவு நீடிக்கும்போதுதான் ஜப்தி கேட்க முடியும். "வீட்டைக் காலி செய்" என்று உறவை முடித்துவிட்ட பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். எனவே எதை முதலில் செய்வது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீடே திரும்ப வேண்டும் என்றால், வாடகையை முறைப்படி முடித்து, நீதிமன்றத்தில் வீட்டை ஒப்படைக்கும் ஆணை கேட்க வேண்டும். ஆணை கிடைத்த பின் நீதிமன்ற அமீனா வந்து வீட்டை மீட்டுத் தருவார். காலம் முடிந்தும் போகாமல் இருந்த நாள்களுக்கு இரட்டிப்பு வாடகை கேட்கும் உரிமையை 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் வீட்டுக்காரருக்குத் தருகிறது. ஆள் ஏற்கெனவே போய்விட்டார், பாக்கி மட்டும்தான் நிற்கிறது, அதுவும் 5,000 வெள்ளிக்கு மேற்படவில்லை என்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே நாமே வழக்குப் பதியலாம். வருமானம் குறைந்தவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையிலும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் ஆலோசனை கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி அந்தப் பாதித் தாளைப் பற்றிச் சொல்லவேண்டும். அதை எழுதிக் கொடுத்தவரை நாம் குறை சொல்ல மாட்டோம். பலர் அதுகூட எழுதுவதில்லை. "தெரிந்த பையன்", "மச்சான் கூட்டிவந்த ஆள்", "கோவில் திருவிழாவில் பழக்கம்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பாரோ என்ற முகத்தாட்சண்யம். நாம் பார்த்த வரையில், வாடகை வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தில் தொடங்கியவை அல்ல. பேசவேண்டியதைத் தொடக்கத்தில் பேசாமல் விட்டதனால் வந்தவையே.

வாய்ப்பேச்சாக விட்ட வாடகை செல்லாது என்று நினைக்க வேண்டாம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகையை வாய்மொழியாகவும் விடலாம். மூன்று ஆண்டுக்கு மேல் என்றால்தான் அது குத்தகையாகி, நில அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும். ஆனால் வாய்ப்பேச்சை எப்படி நிரூபிப்பது? வாடகை எவ்வளவு, எத்தனை மாத நோட்டீஸ், உடைந்த குழாயை யார் பழுது பார்ப்பது என்று சண்டை வரும்போது, அவர் ஒன்று சொல்வார், நீங்கள் ஒன்று சொல்வீர்கள்.

ஆகவே ஒப்பந்தத்தை எழுதுங்கள். இருவரின் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, வாடகை, கொடுக்கவேண்டிய தேதி, எத்தனை ஆண்டு, முடிக்க எத்தனை மாத நோட்டீஸ், யார் யார் குடியிருப்பார்கள், வேறொருவருக்கு உள்வாடகை விடலாமா கூடாதா, எந்தப் பழுது யார் பொறுப்பு என்பவையெல்லாம் அதில் வரவேண்டும். பழுதைப் பொறுத்தவரை கூரை ஒழுகல், சுவருக்குள் போகும் குழாய், மின்சாரக் கம்பி ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு என்றும், விளக்கு மாற்றுவது, குழாய் வாசர் மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு என்றும் பிரித்து எழுதுவதே வழக்கம். கூரை ஒழுகுகிறது என்று அவர் சொன்னால், வாடகையை முதலில் கட்டு என்று சொல்லித் தட்டிக் கழிக்காதீர்கள். அங்கேதான் பல குடும்பங்கள் வாடகையை நிறுத்தத் தொடங்குகின்றன. ஒப்பந்தக் காலம் முடியும்வரை வாடகையை நம் இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. அதையும் இருவரும் அறிந்திருக்க வேண்டும்.

எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாது. முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். 1949-ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டப்படி, தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டிவிட வேண்டும்; தாமதித்தால் அபராதம் உண்டு. இதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 600 வெள்ளி என்றால் ஆண்டு வாடகை 7,200 வெள்ளி. ஓர் ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தம் என்றால் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், மிச்சமுள்ள பகுதிக்கும், ஒரு வெள்ளி. 7,200-ஐ 250-ஆல் வகுத்தால் 28-க்கு மேல் வருகிறது. ஆகவே 29 வெள்ளி. ஓர் ஆண்டுக்கு மேல் மூன்று ஆண்டு வரை என்றால் ஒரு வெள்ளிக்குப் பதிலாக மூன்று வெள்ளி. ஆக 87 வெள்ளி. முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது. 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அது நீக்கப்பட்டதால் பழைய கணக்கை நம்பியிருக்க வேண்டாம். ஒப்பந்தத்தின் இரண்டாவது படிக்குப் பத்து வெள்ளி. வழக்கமாக இந்தச் செலவைக் குடியிருப்பவரே ஏற்பார். ஏழு மாத வாடகையை இழந்த நம் பெற்றோர் 29 வெள்ளியை மிச்சப்படுத்தியிருக்கிறார்!

டிப்பாசிட்டைப் பற்றி ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். இரண்டு மாத வாடகை பாதுகாப்புப் பணம், மின்சாரம் தண்ணீருக்காக அரை மாத வாடகை, அத்துடன் முதல் மாத வாடகை முன்கூட்டியே. இதுதான் நாட்டில் பரவலாக உள்ள வழக்கம். இது சட்டம் விதித்த அளவு அன்று. இருவரும் பேசி ஒப்புக்கொள்வது. அந்தப் பணம் நம்முடையதன்று என்பதை மட்டும் மறந்துவிடக்கூடாது. தீபாவளிச் செலவுக்கு அதை எடுத்துவிட்டு, அவர் காலி செய்யும் நாளில் சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பது நியாயம் ஆகாது. மூன்று ஆண்டு புழங்கிய வீட்டில் சாயம் மங்கத்தான் செய்யும். அது தேய்மானம். கதவை உடைத்தது, கழிவறைப் பீங்கானைப் பிளந்தது போன்றவைதாம் சேதம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிவந்து ஒவ்வோர் அறையையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்சார மீட்டரிலும் தண்ணீர் மீட்டரிலும் உள்ள எண்களையும் படம் எடுங்கள்.

மின்சாரம் என்றதும் சற்று விளக்கமாகச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. கணக்கு உங்கள் பெயரில் இருக்கும்வரை, கட்டணம் நின்றால் தெனாகா நேஷனல் உங்களைத்தான் தேடும். ஒப்பந்தத்தைக் காட்டிக் கணக்கைக் குடியிருப்பவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். சிலர் மாற்ற விரும்புவதில்லை. அப்படியானால் மாதந்தோறும் பில்லைத் தாமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அண்மைக் காலத்தில் வாடகை வீடுகளை எடுத்து, பிட்காயின் என்ற மின்னியல் நாணயத்துக்காக இரவும் பகலும் கணினி இயந்திரங்களை ஓடவிட்டு, மீட்டரைத் தாண்டி மின்சாரம் திருடும் கூட்டங்கள் பிடிபட்டு வருகின்றன. வாடகை தாராளமாகவே தருவார்கள். ஆனால் வீட்டில் குடும்பம் இருக்காது. சன்னல்கள் மூடியே இருக்கும். காற்றாடிகளின் இரைச்சல் மட்டும் கேட்கும். பிறகு பெருந்தொகை கேட்டுக் கடிதம் வரும்போது அதில் இருப்பது கணக்குக்கு உரியவரின் பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, வீட்டைப் போய்ப் பார்த்துவாருங்கள். சொல்லாமல் நுழைவது முறையன்று. அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது.

இன்னொரு வகை ஆசையும் நம்மவர்க்கு வருவதுண்டு. குத்தகைக்காரர் ஒருவர் வந்து, "600 எதற்கு, நான் 1,200 தருகிறேன், வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தங்க வைக்கப் போகிறேன்" என்பார். எத்தனை பேர் என்று கேட்டால் சரியாகச் சொல்ல மாட்டார். தொழிலாளர் தங்குமிடத்துக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-லிருந்து தோட்டங்களுக்கு மட்டுமல்லாமல் மற்றத் தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. தொழிலாளர்களைத் தங்கவைக்கும் முதலாளி, அந்த இடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். ஒருவருக்கு இவ்வளவு இடம், இத்தனை பேருக்கு இத்தனை கழிவறை என்று அளவுகள் உள்ளன. மூன்று அறை வீட்டில் இருபது பேரை அடைக்க முடியாது. அவர்களில் முறையான பத்திரம் இல்லாதவர்கள் இருந்தால், இடம் கொடுத்தவரும் குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் குற்றவாளி ஆகலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஓர் அறையில் பத்துப் பேர் படுத்துறங்கிய லயங்களின் கதையைப் பாட்டன் வாயால் கேட்டு வளர்ந்த நாம், அதே நிலையில் பிறரை வைத்து வாடகை வாங்கலாமா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விடுகிறோம்.

குடிவைக்க ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி. சம்பளச் சீட்டு, வேலை செய்யும் இடம், முன்பு இருந்த வீட்டுக்காரரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் நம் பிள்ளைகள் பட்டணத்தில் வீடு தேடும்போது என்ன நடக்கிறது என்பதை நாம் அறிவோம். தொலைபேசியில் விலை, நாள் எல்லாம் பேசிவிட்டு, பெயரைச் சொன்னதும், "வீடு போய்விட்டது" என்று பதில் வரும். நம் பழைய மாணவி ஒருத்தி, இன்று தாதியாக இருப்பவள், நான்கு வீடுகளில் அப்படிக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே நமக்குத் தொலைபேசி செய்தாள். ஒருவர் வாடகை கட்டுவாரா என்பதைப் பெயரிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. சம்பளச் சீட்டிலிருந்து ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

வீட்டை வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு: இந்த வீட்டை வாடகைக்கு விடலாமா? எல்லா வீட்டையும் விட முடியாது. பி.பி.ஆர். என்னும் மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகள், வீடு இல்லாதவர் குடியிருப்பதற்காகத் தரப்படுபவை. அவற்றை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டால் வீட்டையே இழக்க நேரிடலாம். மலிவுவிலை வீடுகள் சிலவற்றிலும் மாநில அரசின் நிபந்தனைகள் இருக்கும். கெரான் என்று நாம் சொல்லும் நிலப்பட்டாவில் என்ன தடை எழுதியிருக்கிறது என்று நில அலுவலகத்தில் கேட்டறியலாம். லயத்து வீட்டை உள்வாடகைக்கு விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது தோட்டத்தின் வீடு.

நகரத்து உறவினர் சிலர், "ஒருமுறை குடிவைத்துவிட்டால் வாடகையையும் ஏற்ற முடியாது, ஆளையும் கிளப்ப முடியாது" என்று பயமுறுத்துவார்கள். அது வேறு காலம். 1948-ஆம் ஆண்டு ஜனவரி இறுதிக்கு முன் கட்டிய பழைய கட்டடங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. 1997-இல் அதை ரத்து செய்து, 1999 இறுதிவரை தவணை கொடுத்து முடித்துவிட்டார்கள். தாமான் வீடுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இப்போது வரவு செலவுக் கணக்கு. வாடகை என்றால் சும்மா வரும் பணம் என்று சிலர் எண்ணுகிறார்கள். கரும்பலகையில் எழுதுவதுபோல் ஓர் உதாரணத்தை எழுதிப் பார்ப்போம். மாத வாடகை 700 வெள்ளி. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கிறது என்று வையுங்கள். பதினொரு மாதத்துக்கு 7,700 வெள்ளி. வங்கித் தவணை மாதம் 620 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 7,440. காலியாக இருந்தாலும் வங்கிக்குக் கட்டித்தான் ஆகவேண்டும். மிச்சம் 260 வெள்ளி. இதில் நகராண்மைக் கழகத்துக்கு வீட்டு வரி, நில அலுவலகத்துக்கு நில வரி, தீக் காப்புறுதி எல்லாம் சேர்த்து 330 வெள்ளி என்றால், 70 வெள்ளி கையிலிருந்து போடவேண்டும். இன்னும் சாயம் பூசவில்லை, குழாய் மாற்றவில்லை. அப்படியானால் நட்டமா? இல்லை. கடன் அடைந்துகொண்டு வருகிறது. ஓய்வு பெறும் நாளில் போய்ச் சேர ஒரு கூரை இருக்கும். ஆனால் இந்த வாடகையை நம்பி மோட்டார் வண்டிக்கு இன்னொரு தவணை எடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதத் தவணைக்காவது தனியாகப் பணம் ஒதுக்கி வைக்காமல் வீட்டை வாடகைக்கு விடுவது ஆபத்து. வாடகை நின்று, தவணை நின்று, வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோன குடும்பங்களை நாம் அறிவோம்.

வருமான வரி பற்றியும் கேட்கிறார்கள். வாடகையும் வருமானமே, 1967-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி அதைக் கணக்கில் காட்டவேண்டும். வங்கிக் கடனின் வட்டி, வீட்டு வரி, நில வரி, தீக் காப்புறுதி, பழுதுபார்த்த செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம். கவனியுங்கள், வட்டியை மட்டுந்தான் கழிக்கலாம். தவணையில் அசலாகப் போகும் பகுதியைக் கழிக்க முடியாது. முதல் குடியிருப்பாளரைத் தேடுவதற்குச் செய்த செலவும் கழிவில் சேராது. எல்லாக் கழிவும் போன பின் பலருக்கு வரியே வராது. என்றாலும் ரசீதுகளை ஏழு ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள். பிஸ்கட் டின் ஒன்று போதும்.

அந்தத் தந்தையின் கதை என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அவர் பூட்டை மாற்றவில்லை. பட்டணத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்து நோட்டீஸ் அனுப்பினார். பாதித் தாள் ஒப்பந்தமாக இருந்ததால் வழக்கறிஞருக்குச் சற்றுச் சிரமந்தான். நோட்டீஸ் கிடைத்த பிறகு குடியிருந்தவர் தாமே வந்து பேசினார். அவருக்குத் தொழிற்சாலையில் வேலை போய்விட்டதாம். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை மாதமும் ஒளிந்து திரிந்திருக்கிறார். முதல் மாதமே சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாமே என்று இவருக்கு வருத்தம். இரண்டு மாத வாடகையைக் கொடுத்துவிட்டு, மீதியைச் சிறுகச் சிறுகத் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, மாத இறுதியில் சாவியை ஒப்படைத்தார். மீதி முழுவதும் வருமா என்பது சந்தேகந்தான். டிப்பாசிட் வாங்காததால் கழிவறைக் கதவை மாற்றிய செலவும் நம் பெற்றோர் தலையிலேயே விழுந்தது.

இப்போது அந்த வீட்டில் ஓர் இளம் தம்பதியர் இருக்கிறார்கள். மூன்று பக்க ஒப்பந்தம். முத்திரைத் தீர்வையை அவருடைய மூத்த மகள் கைத்தொலைபேசியிலேயே கட்டிவிட்டாள். சென்ற வாரம் அவர் மறுபடியும் பள்ளிக்கு வந்தார். குடிவந்த பெண் முதல் மாத வாடகையைக் கையில் கொடுத்துவிட்டு, "ரசீது தருவீங்களா அங்கிள்?" என்று கேட்டாளாம். இவரிடம் ரசீதுப் புத்தகம் இல்லை. இரண்டு படி விழும் புத்தகமா, மூன்று படியா, எது வாங்குவது என்று நம்மிடம் கேட்டார். இரண்டு படி போதும் என்றோம்.